தன்னார்வ இயற்கைப் பாதுகாப்புக் குழுவை யார் நடத்துவது? ஐந்து தலைமை முறைகள், ஓர் ஒப்பீடு

ஒரு குளத்தையோ புல்வெளியையோ காட்டோரத்தையோ காப்பாற்றச் சேர்ந்த தன்னார்வக் குழு மூன்று நான்கு வருடம் தாக்குப்பிடித்துவிட்டால், ஒரு கேள்வி வந்தே தீரும்: இதை இனி யார் நடத்துவது? தொடங்கியவர் களைத்திருப்பார், அல்லது வேலை மாற்றலாகி வேறு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். நன்கொடை வரத் தொடங்கியிருக்கும், கணக்குக் கேட்கவும் ஆட்கள் இருப்பார்கள். "தேர்தல் வைத்துக் குழு போடலாம்" என்பார் ஒருவர். "சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர். "பதவியே வேண்டாம், எல்லாரும் சமம்" என்று மூன்றாவது குரல் கேட்கும்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் இயற்கைப் பாதுகாப்புக் குழுவுக்கு மற்றச் சங்கங்களுக்கு இல்லாத ஒரு கட்டாயம் இருக்கிறது. அது கையிலெடுத்த வேலை எந்தத் தலைவரின் பதவிக்காலத்தைவிடவும் நீளமானது. வாசகர் வட்டம் ஆறு மாதம் கூடாமல் இருந்துவிட்டு மறுபடி கூடலாம், எதுவும் கெட்டுவிடாது. உண்ணிச்செடி அகற்றிய சரிவை ஒரு மழைக்காலம் பார்க்காமல் விட்டால், போட்ட உழைப்பில் பெரும்பகுதி போய்விடும். அதனால் கீழே உள்ள ஐந்து முறைகளையும் 'எது ஜனநாயகமானது', 'எது நவீனமானது' என்று பார்க்காமல், ஆள் மாறும்போது வேலை அறுபடாமல் இருக்குமா என்பதை முதலில் வைத்து எடைபோடுகிறோம். பத்துப் பேர் முதல் நூறு பேர் வரை களத்துக்கு வரும் குழுக்களை மனதில் வைத்து எழுதியது இது.

## முதலில் அளவுகோல்கள்

வேலையின் ஆயுள். சீமைக்கருவேலத்தை மண்மட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்த்துவிடும். வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் மண்ணில் கிடக்கும் விதைகள் ஆண்டுக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும். ஆகாயத்தாமரையின் விதை நீரடிச் சேற்றில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியது. ஆக, முதல் நாள் 60 பேர் திரண்டு வந்து அகற்றுவது வேலையில் சிறு பகுதிதான். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆறு பேர் போய் கட்டைவிரல் உயரத்தில் நிற்கும் நாற்றுகளைப் பிடுங்குவதுதான் மீதி. அந்தப் பதினோராவது நடையை யார் நினைவில் வைத்து ஆள் திரட்டுவார்? அதில்தான் தலைமை தெரியும்.

கணக்கெடுப்புக்கும் இதுவே பொருந்தும். பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் யோசனையின்படி 1900 டிசம்பர் 25 அன்று 27 பேரோடு வட அமெரிக்காவில் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. அதன் மதிப்பெல்லாம் எத்தனையோ பொறுப்பாளர்கள் மாறியும் எண்ணுவது நிற்காததில் இருக்கிறது. புதுத் தலைவர் வந்ததும் படிவத்தை மாற்றுகிற குழுவுக்குப் பழைய தரவும் போய்விடும், புதிய தரவுக்கு ஒப்பிட எதுவும் இருக்காது.

உண்மையான மணி நேரம். 15 பேர் கலந்துகொள்ளும் மூன்று மணி நேரக் களப்பணியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி இடத்தைப் பார்க்க 2 மணி நேரம், ஆபத்துக் குறிப்பு எழுத அரை மணி, வருவோருக்குத் தகவல் சொல்ல 1, கருவிகளை எண்ணி ஏற்ற 1, திரும்பி வந்து கழுவிக் கூர்தீட்ட 1, வருகையும் வேலைப் பதிவும் அரை மணி. களத்துக்கு வெளியே மட்டும் 6 மணி நேரம். மாதம் இரண்டு களப்பணி என்றால் 18 மணி நேரம். கூட்டமும் குறிப்பெழுதுவதும் 3, கடிதமும் கணக்கும் 5 சேர்த்தால் 26 ஆகிறது. ஒருவர் தலையில் கட்டினால் வாரத்துக்கு ஆறு மணி நேரம், அதுவும் ஓய்வு நாளில். முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு வாரம், முக்கியமான ஐந்து பேர் தங்கள் மணி நேரத்தை எழுதி வையுங்கள். 'என்னால் முடியும்' என்று கூட்டத்தில் சொன்ன மணி நேரமும் நோட்டில் எழுதிய மணி நேரமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

பணம். செலவுக்கு ஒப்புதல் தருபவர், பணம் கொடுப்பவர், கணக்கு எழுதுபவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வங்கியில் இரண்டு கையெழுத்து வேண்டும். நாற்றுக்கென்று கொடுத்த நன்கொடையை வண்டி வாடகைக்கு எடுத்தால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது நம்பிக்கை மோசடிதான்.

களப் பாதுகாப்பு. இடி கேட்டால் வேலையை நிறுத்த வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்பத் தொடங்க வேண்டும். இந்த விதி எல்லாருக்கும் தெரியும். ஆனால் 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்? தலைவருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும் என்கிற அமைப்பில் அந்த விதிக்கு உயிர் இல்லை.

சாவிகள். கருவிக் கொட்டகைச் சாவி, மின்னஞ்சல் பாஸ்வேர்ட், ஓடிபி வரும் கைபேசி, அனுமதிக் கடிதங்கள், அவை காலாவதியாகும் தேதி, கணக்கெடுப்பின் மூலப் படிவங்கள், நில உரிமையாளருடன் உள்ள பழக்கம். இதில் எத்தனை ஒரே ஆளிடம் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நான்குக்கு மேல் என்றால், பெயரளவில் எந்த முறை இருந்தாலும் உங்களுடையது ஒற்றைத் தலைமைதான்.

வேகம். ஒரு திட்டத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்கக் கிடைக்கும் அவகாசம் நாள்கணக்கில்தான் இருக்கும். கூட்டம் அடுத்த மாதம்தான் என்றால் அந்த வாய்ப்பு போய்விடும்.

## 1. ஒற்றைத் தலைமை

தொடங்கும்போது இதைவிட நல்ல முறை இல்லை. முடிவு உடனே கிடைக்கும். நில உரிமையாளருக்கும் அதிகாரிகளுக்கும் பேச ஒரு முகம் இருக்கும். வருகிறவர்களுக்கு யாரைக் கேட்பது என்ற குழப்பம் கிடையாது.

மறைந்த செலவு எங்கே இருக்கிறது என்றால், தலைவரின் வண்டி, பெட்ரோல், கைபேசி, வீட்டு மாடியில் அடுக்கிய மண்வெட்டிகள் ஆகியவற்றில். இவை எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது. அவர் விலகிய மாதம்தான் வாடகையும் போக்குவரத்தும் குழுவின் கையைக் கடிக்கும். இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. தலைவர் சொன்னது தவறாகப் பட்டாலும் யாரும் வாய்திறக்க மாட்டார்கள். புல்வெளியாகவே இருக்க வேண்டிய நிலத்தில் மரக்கன்று நடும் தவறு இப்படித்தான் நடக்கிறது. புல்வெளிப் பறவைகளைத் தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பார், ஆனால் அவர் பேசியிருக்க மாட்டார்.

ஒரு தலைவர் நீண்ட காலம் இருந்தும் அமைப்பு நிலைத்த உதாரணமாக அமெரிக்க இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சியரா கிளப்பைச் சொல்வார்கள். ஜான் மியூர் 1892-இல் அதைத் தொடங்கியது முதல் 1914-இல் இறக்கும்வரை, 22 ஆண்டுகள் தலைவராக இருந்தார். பலர் கவனிக்காத பாதி ஒன்று உண்டு. அவருக்குப் பின்னால் ஓர் இயக்குநர் குழு இருந்தது. 1900 முதல் வில்லியம் கோல்பி என்ற செயலாளர் இருந்தார். மியூர் போன பிறகும் பல பத்தாண்டுகள் அவர் அந்த அமைப்பில் பணியாற்றினார். பெயர் ஒருவருடையதாக இருந்தது, தொடர்ச்சி இன்னொருவரிடம் இருந்தது.

இந்த முறை பொருந்தும் இடம்: முதல் இரண்டு ஆண்டுகள், 15 பேருக்குள், ஒரே களம், சிறிய பணம். அப்போதும் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். வங்கியில் இரண்டாவது கையெழுத்து ஒன்று. நான்கில் ஒரு களப்பணியைத் துணை ஆள் நடத்த வேண்டும், அன்று தலைவர் அந்தப் பக்கமே வரக் கூடாது என்பது இன்னொன்று. வந்து ஓரமாக நின்றால்கூட எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

## 2. இருவர் தலைமை

1896-இல் பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற உறவினர் இருவர், தொப்பிகளில் இறகு சூடும் வழக்கத்துக்கு எதிராகப் பெண்களைத் திரட்டினார்கள். அதிலிருந்து மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கம் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு பிறந்தது. இருவராகத் தொடங்கும்போது தனியாளுக்கு வராத துணிவும் தாங்கும் சக்தியும் வருகின்றன. ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் அந்த வாரக் களப்பணி நடக்கும்.

ஆனால் 'இருவரும் எல்லாவற்றையும் சேர்ந்து பார்ப்போம்' என்று தொடங்கினால் அரை வருடத்தில் உரசல் வரும். வேலையைப் பிரித்துவிடுங்கள். களம், கருவி, தன்னார்வலர், தரவு ஒருவருக்கு. பணம், அனுமதி, கடிதம், வெளித்தொடர்பு மற்றவருக்கு. ஒவ்வொரு துறையிலும் இறுதிச் சொல் யாருடையது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பேச வேண்டும்: நடந்தது, நடக்கப்போவது, யோசனையில் இருப்பது. இந்த அரை மணியைத் தவறவிடும் இருவர், இரண்டு தனித் தலைவர்களாகிவிடுகிறார்கள்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. ஒருவர் மறுத்ததை இன்னொருவரிடம் கேட்டு வாங்கும் உறுப்பினர்கள் முதலாவது. இருவரும் ஒரே சமயத்தில் விலகுவது இரண்டாவது. ஒரே நாளில் பொறுப்பேற்றவர்கள் ஒரே நாளில்தான் களைப்பார்கள், ஆகவே பதவிக்காலத்தை ஓர் ஆண்டு தள்ளி வையுங்கள். மூன்றாவது, இருவரும் கணவன் மனைவியாகவோ அண்ணன் தம்பியாகவோ இருப்பது. அதில் தப்பில்லை, ஆனால் வங்கியின் இரண்டாவது கையெழுத்து கட்டாயம் வெளியாளிடம் இருக்க வேண்டும்.

15 முதல் 40 பேர் வரை, ஒன்றிரண்டு களங்கள் உள்ள குழுவுக்கு இது பொருந்தும். கணக்கெடுப்பு மட்டும் செய்கிற குழுவுக்கு இதைவிடப் பெரிய அமைப்பு தேவையே இல்லை. இருவரோடு தரவைக் காக்கும் மூன்றாமவர் ஒருவர் இருந்தால் போதும்.

## 3. தேர்ந்தெடுத்த செயற்குழு

பதிவு செய்யும் கட்டாயம் வந்ததும் பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் வந்து சேர்கின்றன. சரியாக அமைத்தால் நீண்ட வேலைக்கு ஏற்ற முறையும் இதுதான். சரியாக அமைக்காவிட்டால் கூட்டம் போடுவதே வேலையாகிவிடும்.

எத்தனை பேர்? ஐந்து அல்லது ஏழு. பதினொன்று வேண்டாம். பதினொரு பேர் இருந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், சேர்ப்பதற்கே செயலாளரின் நேரம் போய்விடும், மூன்று பேர் பெயருக்கு இருப்பார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் வழக்கமானவை. இயற்கைப் பாதுகாப்புக் குழுவில் இன்னும் இரண்டு பொறுப்புகள் பெயரிட்டே இருக்க வேண்டும்: களப் பாதுகாப்பும் கருவியும் பார்ப்பவர், தரவு பார்ப்பவர். இந்த இரண்டையும் 'எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் முதலில் தொலைவது இவைதான். பறவை தெரிந்தவர்கள் ஏழு பேரும் கணக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாததுமான குழுவும் சரிப்படாது.

எத்தனை காலம்? இரண்டு ஆண்டுப் பதவி. ஆண்டுதோறும் பாதிப் பேர் மட்டும் மாற வேண்டும். எல்லாரும் ஒரே கூட்டத்தில் மாறுவது இயற்கைப் பணியில் பெரிய ஆபத்து. போன மழையில் எந்தச் சரிவில் நாற்று பிடுங்கினோம், எந்த ஓரம் விட்டுப்போனது என்று சொல்ல அடுத்த நாள் யாருமே இருக்க மாட்டார்கள். தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் ஒருவர் அதே பதவியில் இருக்கக் கூடாது என்பதையும் துணைவிதியில் எழுதுங்கள். பதவியில் இருப்பவரைப் பார்த்து இதை எழுத முடியாது. யாருக்கும் கோபம் இல்லாத நாளில் எழுத வேண்டும்.

மறைந்த செலவு. ஏழு பேர், இரண்டரை மணி நேரக் கூட்டம், ஆண்டுக்கு 12. மொத்தம் 210 மணி நேரம். ஒருவர் மூன்று மணி நேரம் வீதம் 70 முறை களத்துக்குப் போயிருக்கக்கூடிய நேரம் அது. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம் போதும். இடைப்பட்ட அவசரத்துக்குப் பதவியாளர் மூவர் 48 மணி நேரத்தில் முடிவெடுக்கலாம் என்றும், அதற்கான செலவு வரம்பு இவ்வளவு என்றும் தீர்மானம் போட்டுவிடுங்கள். எடுத்த முடிவு அடுத்த கூட்டத்தின் முதல் விஷயமாக வந்து பதிவாக வேண்டும். வாட்சப்பில் ஏழு கட்டைவிரல்கள் விழுந்தன என்பது தீர்மானம் ஆகாது. ஆறு மாதம் கழித்து அதைத் தேடி எடுக்கவும் முடியாது.

கூட்டக் குறிப்பு. ஒரு குழு எப்படி நடக்கிறது என்பதை அதன் மினிட் புத்தகத்தில் ஒரு பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும். 'நாற்றுப் பராமரிப்பு குறித்து விவாதிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் எதுவும் நடக்காது. அதையே இப்படி எழுதலாம்: 'வடகரைச் சரிவில் நட்ட 140 நாற்றுகளில் எத்தனை உயிரோடு உள்ளன என்று களப்பொறுப்பாளர் இம்மாதம் 25-ஆம் தேதிக்குள் எண்ணிச் சொல்வார். பட்ட இடங்களைப் படத்தில் குறிப்பார். செலவில்லை.' என்ன, யார், எப்போது, எவ்வளவு. இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் அந்த விஷயம் அடுத்த கூட்டத்துக்கு அப்படியே திரும்பி வரும்.

வேறு என்னென்ன தவறும்? மதிப்புக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வர மாட்டார்கள். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரின் இடம் தானாகக் காலியாகும் என்ற விதி இருந்தால் யாரும் யாரையும் நீக்கும் சங்கடம் இல்லை. குழுவுக்கு நாற்று விற்பவரோ வண்டி வாடகைக்கு விடுபவரோ செயற்குழுவில் இருந்தால், அந்த விஷயம் வரும்போது அவர் வெளியே போக வேண்டும், போனார் என்பது குறிப்பில் இருக்க வேண்டும். களத்துக்கே வராதவர்கள் குழுவில் பெரும்பான்மையாகிவிட்டால் நடுவிழாவுக்குப் பணம் போகும், பராமரிப்புக்குப் போகாது. ஆண்டுக்கு ஆறு களப்பணிக்காவது வந்தவரே போட்டியிடலாம் என்ற ஒரு வரி இதைத் தடுக்கும். தரவும் கணக்கும் பார்ப்பவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

நிலம் சொந்தமாகவோ குத்தகைக்கோ கையில் இருக்கும் குழு, நன்கொடைக்கு ரசீது கொடுக்கும் குழு, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சீரமைப்பை ஏற்றுக்கொண்ட குழு: இந்த மூன்றுக்கும் செயற்குழுதான். வேறு யோசனை வேண்டாம்.

## 4. களவாரிக் குழுக்களும் நடுக்குழுவும்

களங்கள் மூன்றைத் தாண்டி, ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தால், நடுவிலிருந்து எல்லாவற்றையும் நடத்துவது வீண்முயற்சி. சியரா கிளப்பும் 1911-இலேயே தெற்குக் கலிபோர்னியாவில் தன் முதல் கிளையை ஏற்படுத்திக்கொண்டது. ஒவ்வொரு களத்துக்கும் இரண்டு பொறுப்பாளர்கள் இருப்பார்கள். எந்த நாளில் போவது, எதைப் பிடுங்குவது, எப்போது நிறுத்துவது எல்லாம் அவர்கள் முடிவு. ஐந்து பேர் கொண்ட நடுக்குழு பணம், அனுமதி, காப்பீடு, தரவு ஆகியவற்றை மட்டும் பார்க்கும்.

இடத்தோடு பழகிய கண்ணுக்கு ஈடே கிடையாது. வாரம் ஒருமுறை அந்த நீர்க்கரையில் நடப்பவர்தான் கரையோரம் புதிதாக மண் கொட்டியிருப்பதை முதலில் பார்ப்பார். தன்னார்வலரும் 'நம்ம குளம்' என்று வருவார்கள்.

இங்கே கெடுவது சத்தமில்லாமல் கெடும். ஒரு களத்தில் 30 நிமிடம் நின்று எண்ணுவார்கள், இன்னொன்றில் காலை முழுவதும் எண்ணுவார்கள். மூன்று வருடம் கழித்துச் சேர்த்துப் பார்த்தால் ஒப்பிட முடியாது. ஒரு களம் வளர்ந்து பெயரெடுத்துத் தனியே போக நினைக்கும். ஒருவர் குழுவின் பெயரில் அதிகாரிக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதிவிடுவார், மற்ற நான்கு களங்களின் அனுமதி அதில் சிக்கும். அதனால் நான்கு விஷயங்களில் மட்டும் களங்களுக்குச் சுதந்திரம் இல்லை: கணக்கெடுப்புப் படிவம், பாதுகாப்பு விதி, கடிதத் தலைப்பு, வங்கிக் கணக்கு. மற்றதெல்லாம் அவர்கள் விருப்பம். நடுக்குழுவினர் ஒவ்வொரு களத்துக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது நேரில் போய் வேலை செய்ய வேண்டும். பார்வையிடுவது போதாது, மண்வெட்டி பிடிக்க வேண்டும்.

'பதவியே வேண்டாம்' என்பவர்கள் தேடுவது பெரும்பாலும் இந்த முறையைத்தான். பதவியே இல்லாத குழுவில் அதிகாரம் இல்லாமல் போவதில்லை. அது வாட்சப் அட்மினிடமும் கொட்டகைச் சாவி வைத்திருப்பவரிடமும் போய்ச் சேர்கிறது, அவரை மாற்ற வழியும் இருப்பதில்லை.

## 5. சம்பள ஒருங்கிணைப்பாளரும் தன்னார்வ நிர்வாகமும்

சியரா கிளப் அறுபது ஆண்டு தன்னார்வலர்களாலேயே நடந்த பின், 1952-இல்தான் டேவிட் பிரவரை முதல் நிர்வாக இயக்குநராக நியமித்தது. அவர் காலத்தில் உறுப்பினர்கள் சில ஆயிரத்திலிருந்து 70,000-ஐத் தாண்டினார்கள். பணச் செலவிலும் அதிகார எல்லையிலும் நிர்வாகக் குழுவோடு மோதல் முற்றி 1969-இல் அவர் விலகினார், விலகிய கையோடு ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த் என்ற சுற்றுச்சூழல் அமைப்பைத் தொடங்கினார். திறமையான ஆள் வந்தால் இரண்டும் நடக்கும்: அமைப்பு வளரும், எல்லை எழுதப்படாத இடத்தில் உடையும். எவ்வளவு தொகைக்கு மேல் அனுமதி கேட்க வேண்டும், பத்திரிகைக்கு யார் பேசுவது, புதிய வேலையை ஏற்க யாருக்கு உரிமை என்ற மூன்றையும் நியமனக் கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள்.

மறைந்த செலவுகள் இதில்தான் அதிகம். சம்பளத்துக்கு மேல் பயணம், கைபேசி, கணினி, காப்பீடு, சட்டப்படி கட்ட வேண்டியவை என்று கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒதுக்கி வையுங்கள். 12 மாதப் பணத்தை நம்பி ஆள் எடுத்தால், முதல் மூன்று நான்கு மாதம் இடமும் ஆட்களும் பழகப் போகும், கடைசி மூன்று மாதம் அடுத்த நிதிக்கு விண்ணப்பம் எழுதப் போகும். நடுவில் மிஞ்சுவது பாதி ஆண்டு. 24 மாதச் சம்பளம் கையிலோ எழுத்துப்பூர்வ உறுதியிலோ இல்லாமல் இறங்க வேண்டாம். அவரை மேற்பார்க்கும் தன்னார்வலர் ஒருவரும் வேண்டும். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு மணி நேரம், பிறகு ஒன்று. நேரமில்லாததால்தான் ஆள் எடுக்கிறோம் என்கிற குழுவில் இந்த மணி நேரம் யாரிடம் இருக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய இழப்பு வேறொன்று. 'சம்பளம் வாங்குகிறவர் பார்க்கட்டும்' என்ற எண்ணம் ஒருவருக்கு வந்தால் ஊருக்கே பரவும். ஆள் எடுப்பதற்கு முந்தைய ஆறு மாதத் தன்னார்வ மணி நேரத்தையும் பிந்தைய ஆறு மாதத்தையும் எழுதி வைத்து ஒப்பிடுங்கள். கால் பங்குக்கு மேல் குறைந்தால், அவருக்குக் கொடுத்த வேலைப் பட்டியல் தவறு. தன்னார்வலரைத் திரட்டுவதும் பழக்குவதும்தான் அவர் வேலையாக இருக்க வேண்டும், அவர்களுக்குப் பதிலாகக் களையெடுப்பது அல்ல. தொடங்கியவரையே சம்பளத்துக்கு எடுப்பது பல இடங்களில் நடக்கிறது, நியாயமாகவும் நடக்கலாம். ஆனால் அவர் முதலில் செயற்குழுவிலிருந்து விலக வேண்டும். தன் சம்பளத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர் இருக்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| | ஒற்றைத் தலைமை | இருவர் | செயற்குழு | களவாரி | சம்பள ஆள் |
|---|---|---|---|---|---|
| ஆள் மாறினால் வேலை தொடருமா | அறுபடும் | ஓரளவு தொடரும் | பாதிப் பாதியாக மாறினால் தொடரும் | களத்தில் தொடரும், தரவில் சந்தேகம் | பணம் உள்ளவரை |
| முதன்மை ஆளின் வார மணி நேரம் | 6 அல்லது மேல் | 3–4 | 2–3 | 2–3 | மேற்பார்வைக்கு 1–2 |
| பணக் கட்டுப்பாடு | பலவீனம் | நடுத்தரம் | நல்லது | நடுவில் இருந்தால் நல்லது | நிர்வாகம் விழித்திருந்தால் நல்லது |
| அவசர முடிவு | உடனே | ஒரு நாள் | 48 மணி நேர விதி தேவை | களத்தில் உடனே | உடனே, எல்லைக்குள் |
| முதலில் கெடுவது | தலைவரின் உடலும் மனமும் | இருவர் உறவு | கூட்டக் குறிப்பு | கணக்கெடுப்பு முறை | தன்னார்வலர் வருகை |
| பொருந்தும் அளவு | 15 பேருக்குள் | 15–40 | 25–80 | 40-க்கு மேல், 3-க்கு மேல் களம் | 24 மாத நிதி உள்ள குழு |

மணி நேரங்கள் மாதம் இரண்டு களப்பணி என்ற கணக்கில் வந்தவை. உங்கள் நான்கு வார நோட்டு வேறு எண் சொன்னால் அதையே நம்புங்கள்.

## எந்த நிலையில் எது

தேர்வில் தடுமாறும் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு எங்கள் பரிந்துரை ஒன்றே: ஐந்து பேர் செயற்குழு, அதற்குக் கீழே களத்துக்கு இருவர். மூன்றாவது முறையும் நான்காவதும் கலந்தது. ஆள் எடுப்பதைப் பற்றி இந்த அமைப்பு இரண்டு ஆண்டு ஓடிய பிறகு யோசிக்கலாம். ஒழுங்கில்லாத குழுவை ஒழுங்குபடுத்தச் சம்பள ஆளை எடுப்பது, அந்த ஆளுக்குச் செய்யும் அநியாயம்.

விதிவிலக்குகள் உண்டு. ஒரு நீர்நிலையை மூட வரும் திட்டத்தை எதிர்க்கத் திரண்ட குழுவுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். அதற்கு இருவர் தலைமையும் சட்டம் தெரிந்த ஓர் ஆலோசகரும் போதும். வென்ற பிறகு அந்த நீர்நிலையைப் பராமரிக்கப் போகிறீர்கள் என்றால் அன்றே முறையை மாற்றுங்கள், ஏனென்றால் போராட வந்தவர்கள் எல்லாரும் களையெடுக்க வர மாட்டார்கள். சிறுவர்களைக் களத்துக்கு அழைத்துப்போகும் குழு எந்த முறையில் இருந்தாலும், பொறுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும்.

யாருமே பொறுப்பேற்க முன்வராத குழு வேறு வகை. அங்கே முறையை மாற்றிப் பயனில்லை, வேலையைக் குறையுங்கள். நான்கு களத்தில் இரண்டை, உரிமையாளரிடம் முறையாகச் சொல்லி, தரவை ஒப்படைத்துவிட்டு விடலாம். இரண்டு களத்தை ஒழுங்காகப் பார்ப்பது நான்கைப் பாதியில் விடுவதைவிட அந்த நிலத்துக்கு நல்லது.

## மாறும்போது: 90 நாள்

எந்த முறையிலிருந்து எதற்குப் போனாலும் கைமாற்றத்துக்கு 90 நாள் ஒதுக்குங்கள், முடிந்தால் களவேலை குறைவான பருவத்தில்.

- முதல் 30 நாள், காகிதம். வங்கிக் கையெழுத்து, பதிவு ஆவணம், ஓடிபி வரும் எண், மின்னஞ்சல், கொட்டகைச் சாவி. அனுமதிக் கடிதங்கள் தனி ஆளின் பெயரில் இருந்தால் பதவியின் பெயருக்கு மாற்றக் கேளுங்கள், இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.
- அடுத்த 30 நாள், ஆட்கள். நில உரிமையாளரையும் அதிகாரிகளையும் பழையவரும் புதியவரும் சேர்ந்து இரண்டு முறை சந்திக்க வேண்டும். முதல் முறை பழையவர் பேசுவார், இரண்டாம் முறை புதியவர்.
- கடைசி 30 நாள், நிலம். களம் முழுவதையும் சேர்ந்து நடந்து, எங்கே எந்த ஆண்டு என்ன செய்தோம் என்று படத்தில் குறிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புகைப்படம் எடுக்கும் இடங்களில் முளை அடித்து எண் எழுதுங்கள்.

ஒரு நடை போதாது. கோடையில் நடந்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரியாது. மழைக்குப் பிறகு இன்னொரு நடைக்குப் பழையவரை அழைக்க இப்போதே தேதி குறித்துவிடுங்கள்.

பழைய தலைவர் ஆறு மாதம் கேள்விக்குப் பதில் சொல்ல இருக்கலாம். வாக்கு வேண்டாம், வாட்சப் அட்மின் பொறுப்பும் வேண்டாம். நில உரிமையாளர் பழக்க தோஷத்தில் அவரையே அழைப்பார். அப்போது அவர் தானே பேசி முடித்துவிடாமல், புதியவரின் எண்ணைக் கொடுத்து அவரிடம் பேசச் சொல்ல வேண்டும். முதலில் இது மூவருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். அழைப்பு நேராகப் புதியவருக்கு வரும்வரை கைமாற்றம் முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.